வாயாடி வாங்கிய அனுமதி

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவள் அவளுடைய நாத்தனார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போய், அதன்பின் வாய் திறந்து ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்லியிராத ஒருத்திக்கு அந்தப் பெயரா என்று யாராவது ஆச்சரியப்பட்டால், அவர்கள் அவள் கைகளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தையல் மிஷினில் துணி ஓடும்போது மட்டும்தான் அந்தக் கைகள் சும்மா இருக்கும். பெடலிலிருந்து கால் எடுபட்டதும் பேச்சு ஆரம்பித்துவிடும். கை, தோள், முகம், புருவம் எல்லாம் சேர்ந்து பேசும். நடுவில் யாராவது குறுக்கே பேச வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குமேல் அவளிடம் என்ன பேசி ஜெயிப்பது?

சலவைக் கடையை ஒட்டிய ஒடுக்கமான அறைதான் அவள் கடை. புதுத்துணி தைப்பதில்லை. பிடிப்பது, பிரித்து விடுவது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு லைனிங் வைப்பது. அந்த வட்டாரத்தில் யாருக்கு இடுப்பு பெருத்தது, யார் இளைத்துப் போனார்கள் என்பதெல்லாம் முதலில் தெரிவது அவளுக்குத்தான். தெரிந்ததை நாத்தனாரிடம் கொட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, கைமொழி கற்றுக்கொண்ட கதை தனி. அண்ணி வீட்டுக்கு வந்த புதிதில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். எழுதிக் காட்டிச் சண்டை போட்டுப் பார்த்தாள். பேனாவைத் தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிப்போய்விடுகிறது. ஆற்றாமையில் ஒரு வகுப்பில் சேர்ந்து, விழுந்து விழுந்து படித்து, ஒரு வருஷத்தில் அண்ணியோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். அந்தச் சண்டையில்தான் இருவரும் நகமும் சதையுமாக ஆனார்கள்.

கணவர் பஸ் பணிமனையில் தரை போடுகிறவர். பழைய பஸ்களில் இற்றுப்போன பலகையைப் பெயர்த்து, புது பிளைவுட் பதிப்பது அவர் வேலை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சுதான் அபூர்வம். "வீட்டுக்கு வர்றவங்களுக்கு, பேச வராதது எங்க அண்ணனா அண்ணியான்னு சந்தேகம் வந்துடும்" என்பாள் நாத்தனார்.

வாயாடி கையால் சொன்னதையெல்லாம் இங்கே வாயால் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டு போகலாம். அவளோடு பழகியவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்கள் ஒரு கூட்டமாகப் பெரிய சதுக்கத்தில் கூடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, கல் பெஞ்சுகள் போட்ட திறந்த இடம். அங்கே வாராவாரம் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடக்கும். ஒரு வாரம் பாட்டுக் கச்சேரி, ஒரு வாரம் நாய்க் கண்காட்சி, இன்னொரு வாரம் கூட்டமாக உடற்பயிற்சி. இவர்கள் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கடலை கொறித்தபடி வேடிக்கை பார்ப்பார்கள்.

அன்று நடந்தது நடனம். ஊரே ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த வாயாடி சட்டென்று திரும்பி, "நாமளும் இங்க ஒரு நாள் ஆடணும்" என்றாள்.

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. கூட்டத்தில் மூத்தவர் ஓர் அச்சகத்துக்காரர். வாழ்நாள் முழுக்க இரைகிற அச்சு யந்திரங்களுக்கு நடுவே நிம்மதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "எந்தப் பாட்டுக்கு?"

வாயாடி ஒரே ஒரு தடவை, நாத்தனாரின் கல்யாண வரவேற்பில் ஆடியிருக்கிறாள். மற்றவர்கள் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். பாட்டு முடிந்தது தெரியாமல் தனியாக இன்னும் கொஞ்சம் ஆடினாள். மண்டபம் சிரித்தது, அவளும் கூடவே சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அச்சகத்துக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது பணிமனையில். கணவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போனவள், அவர் அப்போதுதான் தரை போட்டு முடித்த பஸ்ஸுக்குள் ஏறி நின்றாள். மெக்கானிக் இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார். குதிகாலில் ஆரம்பித்த அதிர்வு முழங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. பழைய பஸ்களில் இப்படி வந்ததில்லை. புதுப் பலகை மேளத்துக்கு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி முறுக்காக இருந்தது. மெக்கானிக் விளையாட்டாக ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்க, அவள் கால் அதுபாட்டுக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்த மேனிக்கு அந்தக் காலி பஸ்ஸுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். கணவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெக்கானிக்கிடம் அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தையைப் பேசினார்: "இன்னொரு தடவை."

மறுநாளே வாயாடி, நாத்தனாரை இழுத்துக்கொண்டு நகராட்சியின் பொது நிகழ்ச்சி அனுமதிப் பிரிவுக்குப் போய் நின்றாள். அங்கே டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிடுவார்கள். நாத்தனார் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து இவர்கள் எண்ணைக் கூப்பிட்டுத் தொலைத்தார்கள். பின்னால் வந்தவர்களெல்லாம் முடித்துக்கொண்டு போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே நுழையும்போதே வாயாடிக்கு மூக்கின் நுனி சிவந்திருந்தது.

அனுமதி அதிகாரி கெட்டவர் இல்லை. மேஜையில் பென்சில்களைக்கூட உயரவாரியாக அடுக்கி வைக்கிற மனிதர். விண்ணப்பத்தை நிதானமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடனம்னு போட்டிருக்கு. ஸ்பீக்கர் வைப்போம்னு போட்டிருக்கு. எதிர்ல ஆஸ்பத்திரி இருக்கு, சத்தத்துக்கு ரொம்பக் கெடுபிடி. அதுவும், காது கேக்காதவங்களுக்கு ஸ்பீக்கர் எதுக்கும்மா?"

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பி, "ஸ்பீக்கரைப் பத்தி விவரம் கேக்கறாரு" என்று பூசி மெழுகினாள்.

"அவர் கேட்டதை நானே உதட்டுல படிச்சிட்டேன். நீ ஒண்ணும் சர்க்கரை போட வேண்டாம்" என்றாள் வாயாடி. அதிகாரியின் மேஜையில் உள்ளங்கையைப் பதித்து, அவரையும் அப்படியே வைக்கச் சொன்னாள். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, முஷ்டியால் தட்டினாள். டம், டம், டடம். பென்சில்கள் எழும்பிக் குதித்து வரிசை கலைந்தன.

"இதுக்குத்தான் ஸ்பீக்கர். நாங்க காலால கேப்போம்னு சொல்லு அவர்கிட்ட."

நாத்தனார் சொன்னாள். அதிகாரி பென்சில்களை மறுபடி அடுக்கியபடி யோசித்தார். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சதுக்கத்து எல்லையில் சத்தம் அளவு தாண்டக்கூடாது. ஏதாவது ஆபத்தென்றால் ஒலிபெருக்கியில் அறிவித்துக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். அமைப்பாளர் நிகழ்ச்சி முழுக்கப் போனில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு விதியும் காது கேட்பவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்க வாசிக்க அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், "நான் எழுதின விதி இல்லம்மா. ஆனா செஞ்சு காட்டினீங்கன்னா, கண்ணால பார்த்ததை மேலதிகாரிக்கு எழுதலாம்" என்றார்.

வாயாடிக்கு அது போதும்.

பணிமனையின் பின்பக்க முற்றத்தில் வேலை நடந்தது. கணவர் மிச்சப் பலகைகளைச் சேர்த்து முழங்காலுக்கும் கீழே நிற்கிற ஒரு மேடை அடித்தார். மைக் செட் கடைக்காரர் கனத்த ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து பலகைக்கு அடியில், முகம் மேலே பார்க்க முடுக்கினார். பாட்டின் மேல் சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டு, முரசு மாதிரி அடிச்சத்தத்தை மட்டும் விட்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல, சத்தம் வெளிய வராம பாத்துக்கோன்னு சொல்லி என்னைக் கூப்பிட்ட மொத ஆள் நீங்கதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சோதனை நாளில் அதிகாரி வந்தார். கூடவே சத்தம் அளக்கும் கருவியோடு ஒருவரும், தீயணைப்புத் துறையிலிருந்து வாட்டசாட்டமான ஓர் அம்மாவும் வந்தார்கள். பாட்டைப் போட்டதும் மேடை மேல் நின்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தாரின் முகம் மலர்ந்தது. கருவிக்காரர் முகம் சுருங்கியது. பலகை இடுக்குகளிலிருந்து சத்தம் பீறிட்டு அடித்தது. ஆணிகள் லொடலொடவென்று ஆடின. தெரு நாய்கள் வாசலில் வந்து நின்று குரைத்தன.

"தாண்டுதும்மா. நல்லாவே தாண்டுது" என்றார் அதிகாரி, அவருக்கே வருத்தமாக.

அன்று வாயாடி ஒன்றும் பேசவில்லை. அவள் கை இரண்டும் மடியில் கிடந்தன. வீட்டில் அதைப் பார்த்த நாத்தனாருக்குப் பயமே வந்துவிட்டது. சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள், குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

மறுநாள் காலை கடைக்கு ஒரு கனத்த கோட்டு வந்தது, லைனிங் மாற்றுவதற்கு. பழைய லைனிங்கைப் பிரித்ததும், உள்ளே தோளுக்குக் கொடுத்திருந்த பஞ்சுப் பட்டையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். கோட்டை அப்படியே போட்டுவிட்டு, சலவைக் கடைக்காரரிடம் போய்க் கிழிந்த கம்பளி, யாரும் வந்து வாங்காத ரஜாய்ப் போர்வை என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். மேடைக்கு நாலு பக்கமும் தடிமனாக மெத்தைச் சட்டை தைத்தாள். ஊசி உடைந்துகொண்டே இருந்தது. கணவர் பழைய டயர் ட்யூபை வெட்டி, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து ஆணிகளை வாயடைக்க வைத்தார்.

அடுத்த சோதனையில் பாட்டைப் போட்டார்கள். கருவிக்காரர் முற்றத்து எல்லையில் போய் நின்றார், பார்த்தார், கருவியைத் தட்டினார், மறுபடி பார்த்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மேடை மேல் அச்சகத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு அம்மா சும்மா விடவில்லை. "சரி, இப்போ தீப்பிடிச்சிருச்சுன்னு வெச்சுக்குவோம். எப்படிக் கலைப்பீங்க?"

வாயாடி கையைத் தூக்கினாள். மைக் செட்காரர் ஸ்பீக்கரை நிறுத்தினார். காலடியில் தரை செத்ததும் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. நாலு மூலையிலும் நின்றவர்கள் மஞ்சள் துணியை விசிறினார்கள். ஒருவரும் ஒருவரையும் தள்ளாமல், மேடை மடமடவென்று காலியாகிவிட்டது. தீயணைப்பு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "காது கேக்கிற கூட்டம்னா, மைக்ல என்ன சொன்னாங்கன்னு பக்கத்து ஆள்கிட்ட கேட்டுட்டு நிப்பாங்க" என்று சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி என்ன, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அதிகாரியும் அலுவலகத்தில் சிரித்த முகமாகவே வரவேற்றார்.

"ஒரே ஒரு விஷயம். அமைப்பாளர்ங்கற இடத்துல இவங்க பேரைப் போட்டுருங்க" என்று நாத்தனாரைக் காட்டினார். "அவசரத்துக்கு நாங்க கூப்பிட்டா போனை எடுத்துப் பேசணும்ல. கையோட இன்னைக்கே அனுமதி குடுத்துடறேன்."

நாத்தனார் பேனாவை எடுத்துவிட்டாள். "நல்லதாப் போச்சு அண்ணி. போட்டுட்டுக் கிளம்புவோம்."

வாயாடி பேனாவைப் பிடுங்கினாள்.

"அலைஞ்சது நான், தைச்சது நான், ஆடப்போறது நான். பேர் மட்டும் உன்னுதா?"

"பேர்ல என்ன இருக்கு அண்ணி? காரியம் ஆகணுமா வேண்டாமா?"

"பேர்ல ஒண்ணும் இல்லைன்னா என் பேரையே போடச் சொல்லு."

"கைக்கு வந்ததைக் கெடுத்துக்காதீங்க."

"எல்லாம் நானே செஞ்சிட்டு, கடைசியில உன் நிழல்ல நின்னு ஆடினா அது ஆட்டமா? பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்குப் பதிலா யாராவது கையெழுத்துப் போட்டுட்டேதான் இருக்காங்க. எனக்குப் போதும்பா."

வரிசையில் நின்றவர்கள் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு முகம் தொங்கிவிட்டது. சண்டையில் அவள் அண்ணிக்கு விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. மெல்ல அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"என் பேரு வேண்டாம் சார். எங்க அண்ணி பேரைத்தான் போடணும்."

"போன் எடுக்கணுமேம்மா."

வாயாடி ஒரு துண்டுத்தாளில் தன் எண்ணை எழுதி அவர் முன்னால் தள்ளினாள். நாத்தனார் வழியாகச் சொன்னாள்: "நான் கீழ தெருவுக்குப் போறேன். அவசரம்னு நெனச்சு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லு." சொல்லிவிட்டு விடுவிடென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அதிகாரி தயங்கித் தயங்கி ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். அவர் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்து விழுந்தது: "வருகிறேன். மேஜைக்கு வலப்பக்கம் பழுப்புச் சட்டைக்காரர் நான் இறங்கும்போதே வரிசையில் முந்தப் பார்த்தார், கவனிக்கவும்." படியேறி வருவதற்குள் இன்னொன்றும் அனுப்பியிருந்தாள்.

மூச்சு வாங்க உள்ளே வந்தவள், "இப்போ உனக்குப் போன் பண்ணச் சொல்லு" என்றாள்.

அதிகாரி எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தார். நாத்தனாரின் கைப்பைக்குள் எங்கேயோ மணி அடித்தது. அவள் சீப்பை எடுத்தாள், குடையை எடுத்தாள், பாதி கடித்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். போன் அகப்பட்டபோது மணி நின்றுபோயிருந்தது.

முதலில் சிரித்தது பழுப்புச் சட்டைக்காரர். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. நாத்தனார் என்ன நினைப்பாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தாள் வாயாடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகமாகச் சிரித்தது நாத்தனார்தான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த மேலதிகாரியிடம் போனார். வெகுநேரம் வரவில்லை. வரிசை முணுமுணுத்தது, ஆனால் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. அவர்களுக்கும் முடிவு தெரிந்தாக வேண்டும்.

திரும்பி வந்தவர் காகிதத்தை நாத்தனாரிடம் கொடுக்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து வாயாடியின் கையில் கொடுத்தார். அமைப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதை வாங்கி மடிக்கக்கூட வராமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. வாயாடி வாயடைத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்ததாக நாத்தனார் இப்போதும் சொல்வாள்.

நிகழ்ச்சி நாளன்று வெயில் இறங்கின நேரத்தில் சதுக்கத்தின் நடுவே மேடை கிடந்தது, ரஜாய் கட்டிக்கொண்டு. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் காது கேளாதவர்கள் வந்திருந்தார்கள். வந்தார்களே தவிர ஒருவரும் ஏறவில்லை. புதுச் சட்டையை நீவிக்கொண்டு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றார்கள். வாயாடி செருப்பைக் கழற்றி உதறிவிட்டு மேலே ஏறினாள். கணவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் தன் வேலைக் காலணியை அவிழ்க்கவே யுகம் ஆனது. ஆனாலும் ஏறினார்.

பாட்டு தரையில் வந்தது. முதலில் மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் வேகமெடுத்தது. வாயாடியின் பாதம் அதைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவள் யார் தோளையும் பார்க்கவில்லை. அடி விழுகிற இடத்தில் அவள் கால் முன்கூட்டியே போய் நின்றது. கணவர்தான் தடுமாறினார். அவள் அவரைப் பிடித்துத் திருப்பினாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். அச்சகத்துக்காரர் ஏறினார். பிறகு இரண்டு சகோதரிகள், ஒரு பேக்கரிக்காரர், ஒரு கைக்குழந்தைக்காரி. கொஞ்ச நேரத்தில் மேடையில் எள் போட்டால் எள் விழாது. அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் இறங்கின, ஒரே நேரத்தில் எழுந்தன.

வழியில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பாட்டில்லாமல் இத்தனை பேர் எப்படி ஒரே தாளத்தில் ஆடுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ரோட்டைக் கடந்து வந்தார். "சத்தம் அதிகமானா நிறுத்தச் சொல்லணும்னு என்னைப் போட்டிருக்காங்க. எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று நாத்தனாரிடம் கேட்டார். நாத்தனார் அவர் காலணியைக் கழற்றச் சொல்லிப் பலகை மேல் ஏற்றிவிட்டாள். ஏறியவர் கொஞ்ச நேரத்துக்கு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி மாடி ஜன்னல்களில் நோயாளிகள் வரிசையாக நின்று கையசைத்தார்கள்.

லீவு நாளென்றும் பார்க்காமல் அனுமதி அதிகாரி மனைவியோடு வந்திருந்தார். காலுறையைக் கழற்றி நாலாக மடித்து ஷூவுக்குள் வைத்துவிட்டு ஏறினார். அவருக்கு ஆட வரவில்லை. வாயாடி அவர் எதிரே நின்று, ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்து, தாளத்தின் அடி விழும்போதெல்லாம் மறு கையால் அவர் தோளில் தட்டிக் காட்டினாள். மெல்ல மெல்ல அவர் காலும் வழிக்கு வந்தது.

வெளிச்சம் மங்கியதும் அனுமதித்த நேரம் முடிந்தது. ஸ்பீக்கர் நின்றது. யாருக்கும் கலைய மனசில்லை. வியர்வையும் சிரிப்புமாகச் சதுக்கம் முழுக்கக் கைகள் பேசிக்கொண்டிருந்தன. கணவர் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார். அச்சகத்துக்காரர் ஒரு பலகையின் நுனியைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தபடி வாயாடியைப் பார்த்து, "அடுத்தது எப்போ?" என்றார்.

"மெதுவா கேளுங்க, இன்னும் மூச்சே வாங்குது" என்றாள் அவள். பிறகு நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, அதிகாரியும் மனைவியும் நின்ற பக்கம் நேராக நடந்தாள். அவள் கை வழியிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்த நாத்தனார், கூட ஓடினாள்.